முந்நூறுன்னு எழுதின பெட்டி

நான் ஒரு வாயாடி. எங்க ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. "வெர்ன் வாயத் தொறந்தா உங்க காப்பி ஆறிடும்"னு சாப்பாட்டுக் கடை கிளெண்டா வர்றவங்ககிட்டல்லாம் எச்சரிக்கை குடுப்பா. அப்படிப்பட்டவன் ஒரே ஒரு விஷயத்த மட்டும் முழுங்கி வச்சிருந்தேன். இப்ப சொல்றேன், ஆனா நினைச்சாலே காது மடல் சுடுது. அறுபத்திரண்டு வயசுக்காரனுக்குக் காது சுடலாமா? சுடுதே, என்ன பண்றது.

ஆரின் என் பொண்டாட்டி மார்லிஸோட அண்ணன். இருபத்தாறு வருஷம் மரம் அறுக்குற மில்லுல வேலை பாத்தான். ஒரு நாள் சங்கிலி அறுந்து ஒரு மரம் உருண்டு வந்து அவன் வலது தோள நொறுக்கிடுச்சு. மூணு ஆபரேஷன், உள்ள இரும்புத் தகடு. அதுக்கப்புறம் ரைஃபிளோட கட்டைய அந்தத் தோள்ல வச்சுச் சுட முடியல. இடது தோள்லயும் முயற்சி பண்ணிப் பாத்தான், கண்ணு ஒத்துழைக்கல. எங்க பக்கம், இந்த மான்டானா மலைல, நவம்பர்ல வேட்டை இல்லன்னா குளிர்காலம் பூரா ஃப்ரீஸர் காலி. அவன் வீட்ல நாலு வாய். மனுஷன் ரெண்டு வருஷம் சிரிக்கவே இல்ல.

"தோள் போனா என்ன மச்சான், கை இருக்குல்ல? ரிவால்வர்ல போடு"ன்னு சொன்னவன் நான்தான். நல்ல யோசனைதான், அதுல தப்பு இல்ல. நானே பத்து வருஷமா நீளக் குழல் நாப்பத்திநாலு மேக்னம் ரிவால்வராலதான் எல்க் மான் அடிக்கிறேன். ரைஃபிள்காரன் முந்நூறு கஜத்துல சுடுவான், நாம நாப்பது அம்பது கஜத்துக்குத் தவழ்ந்து போகணும். அதுல ஒரு பெருமை. எனக்குப் பெருமைன்னா கொஞ்சம் பிடிக்கும்.

தோட்டாவ நான் வீட்லயே செய்வேன். கீழ பேஸ்மென்ட்ல மேசை, பிரஸ், தராசு எல்லாம் இருக்கு. சுட்டு முடிச்ச பித்தளைக் கூட்டச் சுத்தம் பண்ணி, பொறி குடுக்கற புது பிரைமர் அடிச்சு, வெடிமருந்த நிறுத்துப் போட்டு, மேல குண்ட வச்சு அமுக்கணும். கேக்க சுலபமா இருக்கும். எந்தக் கனத்துல குண்டுங்கறதுதான் தலைவலி. கனத்த நாங்க கிரெய்ன்ல சொல்லுவோம், பதினஞ்சு கிரெய்ன் சேந்தா ஒரு கிராம். இருநூறு கிரெய்ன் குண்டு வேகமாப் பறக்கும், கைய ரொம்ப உதைக்காது. குறி அட்டைல சுட்டா அஞ்சு ஓட்டையும் ஒரு முட்டைக்குள்ள அடங்கும். சின்ன மானுக்கு அது தாராளம். ஆனா உள்ள போனதும் விரிஞ்சு ஒடைஞ்சு போயிடும். முந்நூறு மெதுவாப் போகும், மணிக்கட்ட முறிக்கிற மாதிரி உதைக்கும், ஆனா எலும்பு குறுக்க வந்தாலும் நிக்காமத் தொளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் வந்துரும். எல்க்குங்கறது ஒரு குதிரை அளவு மிருகம். தோள் எலும்பே என் முன்னங்கை தடிமன் இருக்கும். எல்க்குக்கு இருநூறப் போடறவன் முட்டாள், இல்லன்னா திமிர் பிடிச்சவன்.

எங்க ஆளுங்க இன்னொருத்தன் செஞ்ச தோட்டாவச் சுடவே மாட்டாங்க. கூடப் பொறந்தவன் செஞ்சதா இருந்தாலும் சிரிச்சுக்கிட்டே திருப்பிக் குடுத்துருவாங்க. மருந்து ஒரு துளி கூடிப்போனா துப்பாக்கியும் போகும், விரலும் போகும். ஆரின் மட்டும் என் தோட்டாவச் சுட்டான். பிரஸ்ஸோட கைப்பிடிய இழுக்க அவன் தோள் இடம் குடுக்காது. அதனால பெட்டி மேல நான் ஒட்டுற காகித டேப்ல என்ன எழுதியிருக்கோ அதான் அவனுக்கு வேதம்.

கோடைல பழக ஆரம்பிச்சோம். மொதல்ல முந்நூறக் குடுத்தேன். ஒவ்வொரு வெடிக்கும் கண்ண மூடிக்கிட்டான், ஓட்டையெல்லாம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் செதறிப் போச்சு. "மச்சான், மான அங்கேயே நிக்கச் சொல்லு, நீ சுத்தி வேலி போட்டு முடிச்சிரு"ன்னு நான் கத்தினேன். துப்பாக்கி கிளப்புல இருந்த எல்லாரும் சிரிச்சாங்க, அவனும் சிரிச்சான். அடுத்த வாரம் இருநூறக் குடுத்தேன். ஒரே மாசத்துல ஆள் மாறிட்டான்! ஓட்டையெல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. "எல்லாம் என் தோட்டாவோட மகிமை"ன்னு ஊர் பூரா அடிச்சு விட்டேன்.

செப்டம்பர் கடைசில அவன் கேட்டான். "மாப்ள, வேட்டைக்கும் இதேவா?"

"சேச்சே, பைத்தியமா உனக்கு? வேட்டைக்கு முந்நூறு. இருநூறு அட்டைக்கும் பொடி மானுக்கும்தான்."

"அப்ப மறுபடியும் பழகணுமே. பட்ற எடம் மாறுமில்ல?"

"நான் பாத்துக்கறேன்யா. நீ கவலப்படாத."

அங்கதான் நான் வழுக்கினேன். அந்த வருஷம் முந்நூறு குண்டு எங்கயும் கிடைக்கல. ரெண்டு மாசமா கடைல காலி, எப்ப வரும்னு கேட்டா தோளக் குலுக்கறான். என் மேசைல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அத எனக்குன்னு எடுத்து வச்சுக்கிட்டேன். என் சீசன், என் பேரு, நான் மான் அடிக்காமத் திரும்பினா கிளெண்டா கடைல எவன் என்ன சொல்லுவான், இதான் மனசுல ஓடுச்சு. "மச்சான், குண்டு இல்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊருக்கே தோட்டா ஞானம் சொல்றவன் குண்டு இல்லன்னு எப்படிச் சொல்றது? வாய் வரல.

இருநூறையே போட்டு இருபது தோட்டா செஞ்சேன். ரெண்டும் ஒரே கம்பெனி, வெளில தெரியற மூக்கு ஒரே மாதிரி. கூடுதல் கனமெல்லாம் பித்தளைக் கூட்டுக்குள்ள மறைஞ்சிருக்கும். பெட்டி மேல டேப்ப ஒட்டி, மார்க்கர எடுத்து, "முந்நூறு"ன்னு எழுதினேன். அவன் இதுலதானே நல்லா சுடறான், விலாவுல வச்சா எதுவும் போதும், எல்லாம் அவன் நல்லதுக்குத்தான், இப்படியெல்லாம் எனக்கு நானே தடவிக் குடுத்துக்கிட்டேன்.

பெட்டிய வாங்கும்போது, "மருந்தச் சரி பண்ணிட்டேன் மச்சான், ரெண்டும் ஒரே எடத்துல படும், நீ மறுபடி சுட்டுப் பாக்க வேண்டாம்"னு வேற சொன்னேன். அவன் என் முதுகத் தட்டினான்.

சீசன் தொடங்கின மொத நாளே எனக்கு மான் கிடைச்சிருச்சு. நாப்பத்தஞ்சு கஜம், முந்நூறு கிரெய்ன், இந்தத் தோள்ல நுழைஞ்சு அந்தத் தோள் வழியா வெளிய. நின்ன எடத்துலயே விழுந்துச்சு. ஆரின் கூடவே வந்து கறிய இடது தோள்ல சுமந்து ரெண்டு மைல் எறக்கிக் குடுத்தான். தோல உரிக்கும்போது குண்டு வெளிய போன ஓட்டைல விரல விட்டுப் பாத்தான். "யப்பா! முந்நூறுன்னா இதான்யா. ரெண்டு எலும்பையும் ஒடச்சிருக்கு பாரு"ன்னான். சின்னப் புள்ள மாதிரி சந்தோஷம். நான் கத்தியத் தீட்டிக்கிட்டே இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் முறை. காலைல ஒம்போது மணி இருக்கும். லார்ச் மரமெல்லாம் ஊசி இலை கொட்டி மொட்டையா நின்ன ஒரு சரிவு. விழுந்து கெடந்த ஒரு மரத்துக்குப் பின்னாடி ரெண்டு பேரும் ஆரஞ்சுச் சட்டைல குந்தியிருந்தோம். ஒரு பெட்டை எல்க் தனியா எறங்கி வந்து, சரியா நாப்பது கஜத்துல நின்னுச்சு. ஆனா பக்கவாட்டுல நிக்கல. எங்களப் பாத்துச் சாய்வா, தோள முன்னாடி குடுத்துக்கிட்டு நின்னுச்சு. ஆரின் மரத்து மேல மணிக்கட்ட ஊனிக்கிட்டான்.

மூச்சுலயே கேட்டான். "முந்நூறுதானே மாப்ள?"

"ம்."

"அப்ப தோள்லயே வைக்கிறேன். எலும்பு ஒடைஞ்சா அங்கயே விழுந்துரும்."

இங்கதாங்க. கைல இருக்கறது இருநூறுன்னு தெரிஞ்சிருந்தா அவன் அந்தத் தோளத் தொட்டிருக்கவே மாட்டான். அது திரும்பற வரைக்கும் காத்திருந்து விலாவுல வச்சிருப்பான், திரும்பலன்னா விட்டிருப்பான். அவ்வளவு நிதானம் அவனுக்கு. "இரு, திரும்பட்டும்"னு நான் ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். ஏன்னு கேட்டிருப்பான். அந்த ஏனுக்குப் பயந்துட்டேன். ஊர் பூரா பேசற இந்த நாறின வாய் அந்த நாலு நொடி மூடிக்கிட்டே இருந்துச்சு.

சுட்டான். மான் முன்னங்கால் மடிஞ்சு மண்டி போட்டுச்சு. ஆரின், "விழுந்துருச்சு!"ன்னு எந்திரிச்சான். அது எழுந்து மூணு கால்ல காட்டுக்குள்ள போயிடுச்சு.

சாயங்காலம் வரைக்கும் ரத்தத்தத் தேடிக்கிட்டே போனோம். கொஞ்சம்தான் ரத்தம், போகப் போக அதுவும் இல்ல. மறுநாள் விடியும்போது அரையடி பனி விழுந்து எல்லாத்தையும் மூடியிருந்துச்சு. ஆரின் அந்தப் பனில மதியம் வரைக்கும் முட்டி போட்டுத் தேடினான். "தோள்லதான் வச்சேன் மாப்ள. நல்லாப் பாத்தேன். கை ஆடல"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். நான், "இருக்கும், இருக்கும்"னேன். 'இருக்கும்'னு ஒரு தினுசாச் சொன்னேன், நம்பாதவன் சொல்ற மாதிரி.

எங்களுக்கு ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு மான், அதுக்கு ஒரு லைசென்ஸ் சீட்டு. மான் விழுந்ததும் சீட்டுல அன்னிக்குத் தேதிய கத்தியால வெட்டணும், அதோட சீட்டு செலவாயிடும். அடிபட்டு ஓடிப்போனா சட்டம் ஒண்ணும் கேக்காது, வேற மானத் தேடிப் போகலாம். நெறையப் பேர் அப்படித்தான் போவாங்க. ஆரின் வண்டிப் பக்கத்துல நின்னு பாக்கெட்லருந்து சீட்ட எடுத்தான். "அது என் மான். எங்கயோ கெடந்து சாகுது"ன்னான். தேதிய வெட்டினான். நாலு வாரம் மிச்சம் இருந்த சீசன் அவனுக்கு அதோட முடிஞ்சுது. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.

கிளெண்டா கடைல ஏழெட்டுப் பேர் இருந்தாங்க. என்னாச்சுன்னு கேட்டாங்க. ஆரின் வாயத் தொறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். "பாவம், கடைசி நேரத்துல கை ஆடிருச்சு. யாருக்கும் ஆகறதுதான்." அவன் என்னப் பாக்கல. மேசை மேல இருந்த அவன் வலது கையப் பாத்தான், அப்புறம் அத எடுத்து மடில வச்சுக்கிட்டான். நான் கிளெண்டா வச்ச இனிப்பச் சாப்பிட்டேன். ஆப்பிள் பை.

என் மான்ல பாதிய அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். தர்மம்! "நீ இல்லன்னா இந்தக் குளிர்காலம் திண்டாட்டம்தான் மாப்ள"ன்னு அவன் என் கையப் பிடிச்சுக்கிட்டான். வீட்டுக்கு வந்ததும் மார்லிஸ், "உனக்கு நல்ல மனசு வெர்ன்"னா. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல, ஜுரம்னு சொல்லிப் படுத்துட்டேன்.

பத்து நாள் கழிச்சு தீவனக் கடைப் பலகைல ஒரு விளம்பரம் தொங்குச்சு. ரிவால்வர் விற்பனைக்கு. கீழ ஆரினோட நம்பர். ஓடிப்போய், "என்ன மச்சான் இது?"ன்னு கேட்டேன்.

"கை சரியில்ல மாப்ள. எனக்கே தெரியாம ஆடுது போல. பக்கத்துல இருந்து பாத்தவன் நீயே சொன்னியே. இன்னொரு மிருகத்த அப்படி விட என்னால முடியாது."

"அடுத்த வருஷம் பாக்கலாம்யா..."

"வேண்டாம். போதும்."

அதுக்கு மறுநாள் வெறகு வெட்டற சாக்குல அந்த மலைக்குப் போனேன். அண்டங்காக்கா சுத்தற எடத்தப் பாத்துப் போனேன். நாங்க தேடி நிறுத்தின எடத்துலருந்து முக்கால் மைல்ல, ஓடைப் பள்ளத்துல கெடந்துச்சு. ஓநாய்ங்க பாதியத் தின்னுருந்துச்சு, தோள் பக்கம் மட்டும் பனில மிஞ்சியிருந்துச்சு. கத்தியால தோலக் கிழிச்சேன். அவன் சொன்ன அதே எடம். நடுத் தோள், ஒரு விரல்கூட விலகல. எலும்புல ஒரு பள்ளம், ஒரு கீறல், அவ்வளவுதான். ஒடைஞ்ச செப்புத் துணுக்கும் ஈயப் பொடியும் சதைக்குள்ள செதறிக் கெடந்துச்சு, உள்ள போகவே இல்ல. சுத்தி பனி உருகி மறுபடி உறைஞ்சு, அது பொரண்டு பொரண்டு படுத்த தடம் நாலஞ்சு எடத்துல இருந்துச்சு. சீக்கிரம் சாகல. என் சவுகரியத்துக்காக அது அத்தன நாள் செத்துருக்கு. அங்கேயே ஒக்காந்து வாந்தி எடுத்தேன்.

சனிக்கிழமை கிளெண்டா கடைக்கு மார்லிஸக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவ அண்ணன் உள்ள இருந்தான். மார்லிஸ் பக்கத்துக் கடைல பால் வாங்கிக்கிட்டு வண்டில இருக்கேன்னா. நான் உள்ள போய் நின்னுக்கிட்டே ஆரம்பிச்சேன். எல்லாத்தையும் சொல்லிரணும்னுதான் போனேன், சத்தியமா. ஆரினோட மான் கிடைச்சதச் சொன்னேன், குண்டு நடுத் தோள்ல பட்டதச் சொன்னேன். "ஆரினோட கை ஆடல. தப்பு தோட்டாவுல"ன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஏழெட்டு ஜோடிக் கண்ணு. அந்தக் கண்ணப் பாத்ததும் நாக்கு தானாத் திரும்பிருச்சு. "நான்... டேப்ப மாத்தி ஒட்டிட்டேன். இருநூறு பெட்டில முந்நூறுன்னு. வயசாகுதில்ல."

கிளெண்டா, "அட வெர்ன், நீயா?"ன்னு சிரிச்சா. "இனிமே இவன் போட்ட காப்பியக்கூடக் குடிக்காதீங்கய்யா"ன்னு ஒருத்தன் சொல்ல, கடையே சிரிச்சுது. ஆரின் மட்டும் சிரிக்கல. கொஞ்ச நேரம் என்னையே பாத்தான். அப்புறம், "விடுங்கப்பா. யாருக்கும் ஆகறதுதான்"ன்னான். அதே வார்த்தை. ஆனா அவன் என்னக் காப்பாத்தறதுக்குச் சொன்னான்.

வெளிய வந்தேன், பின்னாடியே அவனும் வந்தான். என் வண்டிக் கண்ணாடி எறக்கியிருந்துச்சு, உள்ள மார்லிஸ்.

"ரிவால்வர விக்க வேண்டாம் மச்சான், அந்த விளம்பரத்த எடுத்துரு"ன்னேன்.

"எடுத்துர்றேன்"ன்னான். தொப்பியச் சரி பண்ணிக்கிட்டான். "டேப் மாறலல்ல மாப்ள?"

நான் சாவிய எடுக்கப் பாக்கெட்ல கைய விட்டேன்.

"நீ மொத நாள் சுட்டது முந்நூறு. அந்த ஓட்டைல நான் விரல விட்டேன். உனக்கு மட்டும் பெட்டி மாறல." கோபமே இல்லாமத்தான் பேசினான். "குண்டு இல்ல, அதானே? எத்தன மிச்சம் இருந்துச்சு?"

"பதினாலு."

அவன் தலைய ஆட்டினான்.

"எனக்கு ஒண்ணு குடுத்திருந்தாப் போதும்யா"ன்னான்.

போய் அவன் வண்டில ஏறி, வீட்டுப் பக்கம் போயிட்டான்.

நான் ஸ்டியரிங்குக்குப் பின்னாடி வந்து ஒக்காந்தேன். மார்லிஸ் கேட்டா. "என்ன பதினாலு, வெர்ன்?"

வண்டிய எடுத்துக்கிட்டே சொன்னேன். கடைல சொல்ல முடியாதத அவகிட்ட முழுசாச் சொன்னேன்: டேப்பு, மார்க்கர், மலைல அவன் கேட்டதுக்கு நான் 'ம்'னது, சாய்வா நின்ன மான், எல்லாத்தையும். சொல்லி முடிச்சப்ப எங்க வீட்டுக்குத் திரும்பற முக்கு வந்திருந்துச்சு.

"நிறுத்து"ன்னா.

நிறுத்தினேன். எறங்கி, கோட்ட இழுத்து மூடிக்கிட்டு, எங்க வீட்டுப் பக்கம் போகாம நேரா அவ அண்ணன் வீட்டு ரோட்ல நடக்க ஆரம்பிச்சா. ரெண்டு மைல் இருக்கும், ஓரமெல்லாம் பனி. நான் வண்டிய மெதுவா ஓட்டிக்கிட்டுப் பின்னாடியே போனேன். கண்ணாடிய எறக்கி, "ஏறு மார்லிஸ், குளுருது, ஏறு"ன்னு கூப்பிட்டுக்கிட்டே போனேன். அவ திரும்பிப் பாக்கல.